சொகுசுக் கப்பலில் குற்றம் என்று வரும் செய்திகளில் எதை நம்புவது? தம்பி கல்யாணப் பேச்சு இதனால் நிற்கிறது

கேள்வி: மாந்தோப்பு அக்கா, காவேரிப்பட்டணம்

வணக்கம். நான் காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து எழுதறேன். வீட்டுலயே தையல் மிஷின் போட்டிருக்கேன். வீட்டுக்காரர் மாங்கூழ் கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போறவர். என் தம்பி கேட்டரிங் படிச்சிட்டு ஒரு வெளிநாட்டு சொகுசுக் கப்பல்ல ஹவுஸ்கீப்பிங்ல இருக்கான். ரூம் கூட்டறது, பெட்ஷீட் மாத்தறது, பாத்ரூம் கழுவறது, இதுதான் அவன் வேலை. ஒரு தடவை கிளம்பினா திரும்பி வர ஏழெட்டு மாசம் ஆகும். அவன் அனுப்பின பணத்துலதான் தோட்டத்துல போர் போட்டோம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணினோம்.

அவனுக்கு அரூர் பக்கம் ஒரு பொண்ணு பார்த்தோம். ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சிருந்தது. பாக்கு வெத்தலை மாத்த நாள் குறிக்கலாம்னு இருந்த நேரத்துல பொண்ணோட சித்தப்பா ஒரு யூடியூப் வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்பி, "இதைப் பாத்துட்டுப் பேசுங்க"ன்னு சொல்லிட்டார். அன்னையிலேர்ந்து பேச்சு நிக்குது.

வீடியோவை நான் முழுசா, திரும்பத் திரும்பப் பார்த்தேன். நடுக்கடல்ல போதை விருந்து, பொண்ணுங்க காணாமப் போறாங்க, போலீஸே கிடையாது, கேக்க ஆளில்லைன்னு ஒரே வேகமாப் பேசறாங்க. பின்னாடி பயமுறுத்தற மியூசிக். மும்பைக் கப்பல்ல நடிகர் ஷாருக் கானோட பையனைப் பிடிச்ச கதையை நேத்து நடந்த மாதிரி சொல்றாங்க. எந்த வருஷம், அந்த வழக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை. அந்த இடத்துல காட்டின கப்பல் மும்பைக் கப்பலே இல்லைன்னு தம்பி சொல்றான். புகைபோக்கியில இருக்கற அடையாளத்தைப் பார்த்தாலே எந்தக் கம்பெனின்னு அவங்களுக்குத் தெரியுமாம். அடுத்து ஒரு கப்பல் புயல்ல ஆடுது, அதுக்கும் சொல்ற கதைக்கும் சம்பந்தமே இல்லை.

கப்பல்ல தப்பே நடக்காதுன்னு நான் வாதாட வரலை. ஆயிரக்கணக்கான ஜனம் தங்கற இடத்துல எல்லாந்தான் நடக்கும். ஆனா என் தம்பி ராத்திரி பகலா வேலை செஞ்சு காசு அனுப்பறவன். ஊர் பேர் தெரியாத ஒருத்தர் மைக் முன்னாடி பேசின பேச்சுக்கு அவன் வாழ்க்கை நிக்கக் கூடாது. அதே நேரம், அந்தப் பொண்ணு வீட்டுக்கு நான் பொய் சொல்லிச் சம்மதம் வாங்கவும் மாட்டேன்.

அந்த மும்பை வழக்கு கடைசியில என்ன ஆச்சு? கப்பல் செய்தின்னா மட்டும் ஏன் இப்படி ஆளுக்கொரு கதையா வருது? சட்டமே இல்லைன்னு சொல்றது உண்மையா? தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க. சித்தப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டணும்.

பதில்: பழைய நிருபர், தருமபுரி

சகோதரி, தினசரிக்குச் செய்தி அனுப்பியே தலை நரைத்தவன் நான். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அரை மணி நேரத்தில் நாங்கள் அங்கே நிற்போம். பின்னால் வந்த டிரைவர் ஒன்று சொல்வார், டீக்கடைக்காரர் வேறொன்று சொல்வார், போலீஸ் மூன்றாவதாக ஒன்று சொல்லும். தருமபுரி ஜி.எச். பிணவறை வாசலில் நின்று எண்ணிக்கையைச் சரிபார்ப்போம். பொய் சொல்ல நினைப்பவருக்கும் நாலு பேர் கண் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

கப்பலில் நிருபர் கிடையாது. சம்பவ இடத்துக்குப் போக வழியும் கிடையாது. துறைமுகம் வந்து சேர்வதற்குள் அறையைப் பூட்டியிருப்பார்கள், அல்லது சுத்தம் செய்திருப்பார்கள். பயணிகள் ஆளுக்கொரு நாட்டுக்கு விமானம் ஏறியிருப்பார்கள். ஆகவே நமக்கு வரும் செய்தி முழுவதும் மூன்று வாய்களிலிருந்து வருகிறது: கப்பல் கம்பெனி, வழக்குப் போட்ட அமைப்பு, மொபைலில் படம் எடுத்த பயணி. கம்பெனிக்குத் தன் பெயர் கெடக் கூடாது. வழக்குப் போட்டவருக்குத் தன் வழக்கு பெரிதாகத் தெரிய வேண்டும். பயணி பார்த்தது தன் தளத்து நடைபாதையை மட்டும். மூவர் சொல்வதையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்க நான்காவது ஆள் இல்லை. இதுதான் கோளாறின் வேர்.

1985 அக்டோபர் 7 அன்று எகிப்துக் கடற்கரைக்கு அப்பால் 'அகிலே லாரோ' என்ற இத்தாலியக் கப்பலைக் கடத்தினார்கள். கேப்டன் ரேடியோவில் எல்லாரும் நலம் என்றார். உலகமே அதைச் செய்தியாகப் போட்டது. சக்கர நாற்காலியில் இருந்த 69 வயது அமெரிக்கப் பயணி லியோன் கிளிங்ஹாஃபரை அதற்குள் சுட்டுக் கடலில் தள்ளியிருந்தார்கள். துப்பாக்கிமுனையில் நின்ற கேப்டனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வாய் பேசினால் செய்தி எவ்வளவு தூரம் தவறிப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது மும்பை. 2021 அக்டோபர் 2 அன்று மும்பையிலிருந்து கோவா செல்லவிருந்த கோர்டீலியா கப்பல் தொடர்பாக போதைப்பொருள் தடுப்புப் பிரிவான என்.சி.பி. சோதனை நடத்தியது. அதிகாரிகள் பயணிகள்போல் ஏறினார்கள், கப்பல் நடுக்கடலை அடைந்ததும் விருந்து தொடங்கியது என்றெல்லாம் முதல் நாள் செய்தி. பிறகு உயர் நீதிமன்றத்தில் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கான் தரப்பு வழக்கறிஞர் வைத்த வாதம் என்ன தெரியுமா? அந்த இளைஞர் கப்பலில் ஏறவே இல்லை, அதற்கு முன்பே துறைமுக முனையத்தில் பிடிபட்டார் என்பது. 'நடுக்கடல்' என்ற வார்த்தை மட்டும் இன்றுவரை வீடியோக்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மொத்தத்தில் கைப்பற்றியதாக என்.சி.பி. அப்போது சொன்னது 13 கிராம் கொகெய்ன், 5 கிராம் எம்.டி. (மெஃபெட்ரோன் என்ற போதைப்பொருள்), 21 கிராம் சரஸ் (கஞ்சாப் பிசின்), 22 எம்.டி.எம்.ஏ. மாத்திரைகள், ரொக்கம் 1.33 லட்சம் ரூபாய். ஆர்யன் கானிடம் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தும் சர்வதேசக் கடத்தல் தொடர்பு என்று நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. அதை டிவிக்காரர்கள் இரவு பகலாக ஓட்டினார்கள். அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்ட ஒருவரை அதிகாரி என்றே பலர் நினைத்தார்கள். அவர் அதிகாரி அல்ல, சோதனைக்குச் சாட்சியாக வைத்த தனியாள்.

பம்பாய் உயர் நீதிமன்றம் அக்டோபர் 28 அன்று ஜாமீன் கொடுத்தது. விரிவான உத்தரவு நவம்பர் 20 அன்று வெளிவந்தது. சதி நடந்ததாகக் காட்ட நேரடியான ஆதாரம் ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பது அதன் சாரம். 2022 மே 27 அன்று என்.சி.பி.யே தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் ஆர்யன் கான் உட்பட 6 பேர் பெயர் இல்லை. போதிய ஆதாரம் இல்லை என்று காரணமும் சொல்லப்பட்டது. மீதி 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இந்தப் 14 பேரையும் சித்தப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முழுக்கக் கட்டுக்கதை என்று சொன்னால் நாமும் அந்த யூடியூப்காரர் செய்ததையே செய்தவர்கள் ஆவோம்.

கைதான செய்தி முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி. விடுபட்ட செய்திக்கு அந்த இடமோ நேரமோ கிடைப்பதில்லை. இது என் தொழிலின் பெருங்குறை. கோபத்தோடுதான் சொல்கிறேன்.

பதில்: முன்னாள் கப்பல்காரன், ஓசூர்

அக்கா, நான் பத்து வருஷத்துக்கு மேல சொகுசுக் கப்பல்ல வேலை பார்த்துட்டு இப்போ ஓசூர்ல மெஸ் நடத்தறேன். தட்டு கழுவற இடத்துல ஆரம்பிச்சு ரெஸ்டாரன்ட் வரைக்கும் ஏறி வந்தவன்.

"கேக்க ஆளில்லை"ன்னு சொல்றது சுத்தமாத் தப்பு. கப்பல்ல தனியா செக்யூரிட்டி டிபார்ட்மென்ட் இருக்கு. நான் இருந்த கப்பல்கள்ல கூர்க்கா ரெஜிமென்ட்டுலயும் நேவியிலயும் இருந்து வந்தவங்கதான் அதிகம். நடைபாதை, மாடிப்படி, பார், எல்லா இடத்துலயும் கேமரா. தப்பு பண்ணினவனை அடைச்சு வைக்க ரூம் இருக்கு. ஆளுங்களுக்குத் திடீர் திடீர்னு போதைப் பரிசோதனை வரும், மாட்டினா அடுத்த துறைமுகத்துல இறக்கி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நம்ம தம்பி மாதிரி ஹவுஸ்கீப்பிங் பசங்க பயணியோட ரூம்ல வேலைக்கு மேல ஒரு நிமிஷம் நின்னாலே கேள்வி வரும். பயணியோட பழக்கம் வெச்சுக்கிட்டா வேலை போயிடும். இது பேச்சுக்கு இல்ல, கண்ணால பார்த்திருக்கேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கம்பெனியைத் தவிர வெளியில யார்கிட்டயும் சம்பவத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. ஒரு தடவை ராத்திரி ஸ்பீக்கர்ல "ஆஸ்கர், ஆஸ்கர்"னு அறிவிப்பு வந்தது. ஆள் கடல்ல விழுந்துட்டாங்கன்னு அர்த்தம். கப்பல் திரும்பி விடியற வரைக்கும் விளக்கு அடிச்சுத் தேடினோம். கிடைக்கலை. காலையில வழக்கம்போல பஃபே திறந்தாச்சு. என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கே யாரும் சொல்லலை. நான் வீட்டுக்குப் போன் பண்ணினப்போ எங்கம்மா நெட்ல ஏதோ படிச்சிட்டு, "கொலையாமே?"ன்னாங்க. கப்பலுக்குள்ள இருந்த எனக்கே தெரியாதது, கரையில இருந்த ஒருத்தருக்கு எப்படித் தெரிஞ்சது?

அதனால சித்தப்பா கேட்டா, உள்ள இருக்கறவன் ஒருத்தன் இப்படிச் சொல்றான்னு சொல்லுங்க: காவல் உண்டு, கண்டிப்பு உண்டு. வெளியில சொல்ற வழக்கந்தான் இல்லை.

பதில்: பென்னாகரம் அம்மா

எல்லாரும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே பேசறீங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. பெத்தவங்க பயப்படறதுல என்ன தப்பு? கம்பெனியே விஷயத்தை வெளியில விடாதுன்னு ஓசூர் தம்பி சொல்லுது. அப்போ டிவியில மிகைப்படுத்தறாங்கன்னு மட்டும் எப்படிச் சொல்றது? வர்ற செய்தி கொஞ்சம், வராத செய்தி நிறைய இருந்தா?

பதில்: வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

பென்னாகரம் அம்மாவின் கேள்விதான் இந்த உரையாடலில் கனமானது. செய்தியில் வருவது பெரிதாக்கப்படுகிறது என்பதும், வராமலே போகும் குற்றங்கள் உண்டு என்பதும் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

2011 மார்ச்சில் மெக்சிகோ பக்கம் போய்க்கொண்டிருந்த 'டிஸ்னி வொண்டர்' கப்பலில் இங்கிலாந்தைச் சேர்ந்த இளம் பெண் ஊழியர் ஒருவர் காணாமல் போனார். கப்பல் பஹாமாஸில் பதிவானது. நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ, பொதுவாக அந்த நாட்டுக்கே அதிகாரம். ஆகவே விசாரிக்க வந்தவர் பஹாமாஸ் போலீஸ் அதிகாரி ஒருவர், ஒரே ஒருவர். ஆயிரக்கணக்கானோர் இருந்த கப்பலுக்கு. பெற்றோர் அதன் பிறகு வருடக்கணக்காகப் போராடினார்கள். பெரிய கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற இடங்களில் பதிவு செய்யப்பட்டவை. சட்டம் இல்லாமல் இல்லை. சட்டம் இருக்கும் நாடு தொலைவில் இருக்கிறது.

இதற்கு முன்பே இப்படிப்பட்ட குடும்பங்கள் விடாமல் குரல் கொடுத்ததால்தான் அமெரிக்கா 2010இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்நாட்டுத் துறைமுகங்களோடு தொடர்புள்ள பயணங்களில் கொலை, சந்தேக மரணம், பாலியல் குற்றம், அமெரிக்கர் காணாமல் போவது, 10,000 டாலருக்கு மேற்பட்ட திருட்டு போன்றவற்றை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கைப்பிடிக் கம்பி 42 அங்குல உயரம், அறைக்கதவில் வெளியே பார்க்கும் துளை என்பதும் அதில் உள்ளவை. முதலில் எஃப்.பி.ஐ. விசாரணை முடிந்த புகார்களை மட்டும் வெளியிட்டார்கள். அதனால் எண்ணிக்கை மிகக் குறைவாகத் தெரிந்தது. 2014இல் திருத்தம் செய்த பிறகு எல்லாப் புகார்களும் கம்பெனிவாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவெளியில் வருகின்றன. அதில் பெரும்பங்கு பாலியல் குற்றப் புகார்கள், கொலை அரிது. டிவிக்காரர்கள் கொலையையும் போதை விருந்தையும் விரட்டுகிறார்கள். அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

மும்பை வழக்கில் ஒரு சட்ட விஷயம். "ஒப்புக்கொண்டார்" என்று எத்தனை தலைப்புகள் வந்தன! அது நடப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பே, 2020 அக்டோபர் 29 அன்று, தோஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: போதைப்பொருள் சட்டத்தின் 67ஆம் பிரிவில் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தண்டிக்க முடியாது. அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். நீதிமன்றத்தில் செல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் தீர்ப்பு எழுதினார்கள்.

நம் மாநிலத்திலேயே இன்னொன்று உண்டு, சொகுசுக் கப்பல் இல்லை என்றாலும். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்ட 'சீமேன் கார்டு ஓஹியோ' கப்பலில் இருந்த 35 பேர், ஆயுதம் வைத்திருந்ததாகக் கைதானார்கள். ஆயுதக் கப்பல் என்று அப்போது எவ்வளவு பரபரப்பு! 2016 ஜனவரியில் ஐந்தாண்டு தண்டனை. 2017 நவம்பர் 27 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுவித்தது. நான் பேசும் வக்கீல்களிலேயே பலருக்கு அந்த முடிவு நினைவில்லை, கைது மட்டும் நினைவிருக்கிறது.

மாந்தோப்பு அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வீடியோவை "பொய் என்று காட்ட" மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ முகமோ அதில் இருந்தால், அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் குற்றம்.

மாந்தோப்பு அக்கா, காவேரிப்பட்டணம்

எல்லாருக்கும் நன்றி. பென்னாகரம் அம்மா, நீங்க கேட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொண்ணைப் பெத்தவங்க கேக்கத்தான் கேப்பாங்க.

நேத்து அரூருக்கே நேர்ல போனேன். போன்ல பேசினா ஆகாதுன்னு தோணுச்சு. நிருபர் ஐயா எழுதின தேதியெல்லாம் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். 14 பேர் மேல வழக்கு இருக்குன்னும் சொன்னேன். வக்கீல் சார் சொன்ன பஹாமாஸ் கதையையும் மறைக்கலை. சித்தப்பா முழுசாக் கேட்டார். சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. ஆனா அந்தப் பொண்ணு உள்ள இருந்து வந்து, "அவங்க கப்பல் எந்த நாட்டுக் கொடி?"ன்னு நேராக் கேட்டுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

தம்பிகிட்ட விசாரிச்சேன், பஹாமாஸ்னு சொல்றான். வக்கீல் சார், நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இல்ல அவன் மேல யாராவது பழி போட்டா, காவேரிப்பட்டணத்துல இருக்கற நாங்க முதல்ல யார்கிட்ட போகணும்? அந்தப் பொண்ணு கேட்டா நான் பதில் வெச்சிருக்கணும்.

வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

முதலில் அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி. அதற்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி. ஷிப்பிங், கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம், அதாவது கப்பல் வேலைக்கு ஆள் எடுத்து அனுப்பும் உரிமம், இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் இருக்கிறது, இன்றே பாருங்கள். உரிமம் இருந்தால் அந்த ஏஜென்சி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது, நழுவினால் டி.ஜி. ஷிப்பிங்கிடமே புகார் கொடுக்கலாம். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம்.

பழி என்று வந்தால், கொடி பஹாமாஸ் என்பதால் இந்தியச் சட்டம் விலகிவிடாது. இந்தியக் குடிமகன் வெளியே செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தையும் இங்கே விசாரிக்கலாம், மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றும், தூதரகத்தோடு பேச வேண்டும் என்று முதலிலேயே கேட்க வேண்டும் என்றும் தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

அவருடைய பாஸ்போர்ட், சி.டி.சி. (கப்பல் ஊழியர் பணிப் புத்தகம்), இண்டோஸ் எண் (கப்பல் ஊழியர் பதிவு எண்), வேலை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். கல்யாணம் முடிவானால் இன்னொரு நகல் அரூரில்.